நாலாவது பம்புக்கு ஒரு கட்டிங்

1

போன குளிர்காலத்தில் ஒரு வியாழக்கிழமை, எங்கள் தெருமுனைப் பப்பின் வாசலில் ‘புதிய மாற்றங்களுடன் வரவேற்கிறோம்’ என்று ஒரு பலகை தொங்கியது. மழையில் நின்று அதை இரண்டு முறை படித்தேன். நெஞ்சு படபடத்தது. பெண் பார்க்கப் போனபோதுகூட இப்படிப் படபடக்கவில்லை என்று பின்னால் என் மனைவி ஜெயந்தியிடம் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது.

உள்ளே ஓடினேன். கார்ப்பெட்டை மாற்றியிருந்தார்கள்.

கவுன்டரில் அதே மூன்று பம்புகள். அதே மூன்று ஏல்கள். நாலாவதாக ஒரு பம்பும் உண்டு. நான் இந்த ஊருக்கு வந்த நாள் முதல் அதன் தலையில் ஒரு பிளாஸ்டிக் கப்பைக் கவிழ்த்து வைத்திருக்கிறார்கள். அன்றைக்கும் அது கவிழ்ந்தே இருந்தது.

ஊரிலிருந்து இதைப் படிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ரியல் ஏல் என்பது நாம் அறிந்த பீர் அல்ல. நாம் அறிந்த பீர், ஐஸ் பெட்டியிலிருந்து வியர்த்துக்கொண்டே வெளியே வரும், திறந்தால் சீறும். ஏல் சீறாது. நிலவறையில் பீப்பாய்க்குள் உட்கார்ந்து தன்பாட்டுக்கு நொதித்துக்கொண்டிருக்கும். கவுன்டரில் உள்ள மரக் கைப்பிடியை, நம் தெரு அடிபம்பை அடிப்பதுபோல் இழுத்தால் மேலே வரும். மண்பானைத் தண்ணீர் அளவுக்குத்தான் குளிர்ச்சி. பீப்பாயைத் திறந்தால் மூன்று நாள்தான் ஆயுசு. அதற்குள் தீர்க்காவிட்டால் புளித்துப் போகும். புளித்த மாவையாவது ஊத்தப்பம் ஊற்றலாம். இதைக் கழுநீர்த் தொட்டியில்தான் ஊற்ற வேண்டும்.

வந்த புதிதில் முதல் வாய் குடித்துவிட்டு, “கரண்ட் இல்லையா?” என்று கேட்டேன். ஃபிரிட்ஜ் ஓடவில்லை என்று நினைத்துவிட்டேன். பப்பே திரும்பிப் பார்த்தது. ஒரு பெரியவர் என்னை மூலையில் உட்காரவைத்து முக்கால் மணி நேரம் ஏலின் அருமையைச் சொன்னார். அன்று மாட்டியவன்தான். ஒரு வருடத்தில் ஏலைப் பற்றி நானே மற்றவர்களை மூலையில் உட்காரவைத்துப் பேச ஆரம்பித்துவிட்டேன். புதிதாக மதம் மாறியவன் தொந்தரவு எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

ஆனால் மூன்றே மூன்று. அசல் பெயர்களைச் சொல்லி வம்பில் மாட்ட வேண்டாம். நான் வைத்த பெயர்களைச் சொல்கிறேன். ஒன்று செம்மண். நிறமும் அதுதான், ருசியும் ஏறக்குறைய அதுதான். இன்னொன்று வைக்கோல். மூன்றாவது அடுப்புக்கரி. இந்த ஊரில் ஐந்து பப்புகள் இருக்கின்றன. ஐந்துக்கும் சரக்குப் போடுவது ஒரே கம்பெனி. செம்மண் அலுத்துப்போய்க் குடையை விரித்து, எதிர்காற்றில் அடுத்த பப்புக்கு நடந்து போனால் அங்கேயும் செம்மண் நம்மைப் பார்த்து, வா ராசா என்று சிரிக்கும்.

2

நான் வந்து சேர்ந்த இந்த ஆங்கிலேய ஊரும் நம் மெட்ராஸ் போல ஒரு துறைமுக ஊர்தான். கிரேன், துரு, கடற்காற்றில் கலந்த என்னவோ ஒரு ரசாயன வாடை. வந்த அன்று ரயிலை விட்டு இறங்கி மூச்சை இழுத்ததும் மணலி ரிஃபைனரியைத் தாண்டுவது போலிருந்தது. கண் கலங்கிவிட்டது. பாதி உணர்ச்சி, பாதி வாடை.

இவர்கள் பேசுவதும் ஆங்கிலத்தின் மெட்ராஸ் பாஷை. லண்டன்காரர்கள் கேட்டால் சிரிப்பார்கள். டிவி நாடகத்தில் ரௌடிக்கும் குடிகாரனுக்கும் மட்டும்தான் இந்தப் பேச்சைக் கொடுப்பார்கள். திருவொற்றியூரில் பிறந்து, சினிமாவில் நம் பேச்சு எந்தப் பாத்திரத்துக்குக் கிடைக்கும் என்பதைப் பார்த்தே வளர்ந்தவன் நான். அதனால் முதல் நாளே இவர்களோடு ஒட்டிக்கொண்டேன். இவர்கள் பேசியதையெல்லாம் நம்ம ஏரியா பேச்சிலேயே எழுதப்போகிறேன். நேர்மையான மொழிபெயர்ப்பு அதுதான்.

பப்பை நடத்துவது லிண்டா. கவுன்டரின் ஓரத்து ஸ்டூலில் நிரந்தரமாக உட்கார்ந்திருப்பது கென்; துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். முன்பு என்னை மூலையில் உட்காரவைத்த பெரியவர் இவர்தான். கார்ப்பெட் நாளன்று நான் கத்தியது இவர்களிடம்தான்.

“இன்னா லிண்டா இது? கார்ப்பெட்டை மாத்துனா போதுமா? கார்ப்பெட்டையா குடிக்க முடியும்?”

“நீ ஊத்திகினதுல பாதிய பழைய கார்ப்பெட்டுதான் குட்ச்சிது கண்ணு.”

கென் தன் செம்மண்ணிலிருந்து வாயை எடுத்தார். “உனுக்கு இன்னாதான்பா வோணும்?”

“வேற ஏதாவது.”

“வேற ஏதாவதுன்னா?”

“இது மூணும் இல்லாத எதா இருந்தாலும் சரி.”

“நானு நாப்பது வருசமா இத்தத்தான் குடிக்கிறேன். எனுக்கு இன்னா கொறஞ்சு பூட்ச்சு?”

அவரைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தேன். மரியாதை கருதிக் கண்ணை அவர் கிளாஸுக்குத் திருப்பிக்கொண்டேன்.

லிண்டா துணியால் கவுன்டரைத் துடைத்துக்கொண்டே கேட்டாள். “உங்க ஊர்ல இன்னா, தெனம் ஒரு ருசியா ஊத்திகினு இருந்தாங்களா?”

இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருந்தது. சொல்லும்படியான பதில் இல்லை.

3

ஊரில், எங்கள் சுங்கச்சாவடி பஸ் ஸ்டாப் பக்கத்து ஒயின் ஷாப்பில் கம்பிக் கூண்டுக்கு அந்தப் பக்கம் ஒருத்தர் இருந்தார். நாம் ஒரு பெயரைச் சொல்லுவோம். அவர் வேறொன்றை எடுத்து வைப்பார். “அண்ணே, நான் கேட்டது...” என்று இழுத்தால், “கீறது இதான். வோணுமா, வோணாமா?” பின்னால் நிற்கிற கூட்டம் நம்மைச் சுவரோடு சுவராக நசுக்கும். வாங்கிக்கொண்டு நகர்வோம். குமட்டும். மறுநாள் போய் அதே பெயரைச் சொல்லி, அதே வேறொன்றை வாங்குவோம். அங்கே சலித்துக்கொள்ள யாருக்கும் நேரமில்லை.

ஆனால் அங்கே கட்டிங் இருந்தது.

தெரியாத சில நல்ல குடும்பத்தார் இதைப் படிக்கக்கூடும் என்பதால் சொல்கிறேன். முழு குவாட்டர் நமக்கு அதிகம், அல்லது பாக்கெட்டுக்கு அதிகம். பக்கத்தில் அதே நிலைமையில் முன்பின் தெரியாத ஒருத்தர் நிற்பார். ஒரு பார்வை. “கட்டிங்?” அவ்வளவுதான் சடங்கு. ஆளுக்குப் பாதி போட்டு ஒரு குவாட்டர், இரண்டு பிளாஸ்டிக் டம்ளர், ஒரு தண்ணி பாக்கெட், ஒரு கீற்று மாங்காய். பெயர் கேட்கக் கூடாது, கதை சொல்லக் கூடாது. ஒருத்தர் ஊற்றினால், எந்த டம்ளர் என்று முதலில் எடுப்பது மற்றவர். இதில் மட்டும் யாரும் ஏமாற்றிப் பார்த்ததில்லை.

ஒரே ஒரு தடவை தவிர.

எனக்கு மீஞ்சூர் பக்கம் ஒரு கம்பெனியில் ஸ்டோர் கீப்பர் வேலை கிடைத்த புதிது. நல்ல மழை. கூண்டுக்கு முன்னால் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு ஒரு முதுகு நின்றது. தோளைத் தட்டி, “அண்ணே, கட்டிங்?” என்றேன்.

முதுகு திரும்பியது. எங்க நைனா.

பெற்ற அப்பாவின் முதுகு தெரியாதா என்று கேட்பீர்கள். நைனா எண்ணூரில் ஒரு ஃபவுண்டரியில் வேலை பார்த்தவர். என்னைக் கண்டால் முகத்தைத்தான் காட்டுவார், அதுவும் முறைத்தபடி. முதுகைப் பார்க்க எனக்கு எங்கே வாய்ப்பு? அம்மாவின் கணக்குப்படி நைனா குடியை விட்டுப் பல வருடம். அதே கணக்குப்படி நான் அதைத் தொட்டதே கிடையாது. குடிக்காத இரண்டு பேர் ஒயின் ஷாப்பில் நேருக்கு நேர் நின்றோம். அவரை நான் பார்த்தேன் என்று சொன்னால் நானும் அங்கே இருந்தது நிச்சயமாகிவிடும். அவருக்கும் அதே சிக்கல்.

நைனா கூண்டுப் பக்கம் திரும்பிக்கொண்டார். “ம்... போடு” என்றார், யாரோ ஒருத்தரிடம் சொல்வதுபோல.

வாங்கினோம். சுவரோரம் ஒதுங்கினோம். அவர் ஊற்றினார். நான் டம்ளரை எடுக்கக் கையை நீட்டுவதற்குள் ஒன்றை எடுத்து என் கையில் திணித்தார். பார்த்தேன். அவருடையதை விட இரண்டு விரற்கடை கம்மி. அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

“கீறது அவ்ளோதாம்பா.”

ஒரே மடக்கு. துண்டை இழுத்துவிட்டுக்கொண்டு மழையில் போய்விட்டார். நான் தேரடியை இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு வீட்டுக்குப் போனேன். நைனா சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“எங்கடா போய்ட்டு வர?”

“ஃபிரெண்டு வூட்டுக்கு.”

“கை கால் கழுவிகினு சோத்தைத் துன்னு.”

அவர் கண்ணை மூடும்வரை இதைப் பற்றி நாங்கள் ஒரு வார்த்தை பேசவில்லை. காசிமேட்டில் விசைப்படகில் போகும் என் தோஸ்து மோகனிடம் மட்டும் சொன்னேன். நடுரோட்டில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். “பெத்த புள்ளைக்கே அளவுல டகால்டி வுட்டாரா உங்க நைனா!” எனக்குச் சிரிப்பு வரவில்லை. கட்டிங்கின் தர்மத்தையே உடைத்த மனுஷன் என்று பல காலம் மனசுக்குள் குமைந்துகொண்டிருந்தேன்.

4

லிண்டாவுக்கு இதையெல்லாம் சொல்லவில்லை. “எங்க ஊரு வேற” என்று மொட்டையாகச் சொல்லிவிட்டு, கம்பெனியோடு மோத முடிவு செய்தேன். வெளியிலிருந்து ஒரு பீப்பாய் வாங்க லிண்டாவுக்கு அதிகாரம் இல்லை. கம்பெனிதான் அனுமதிக்க வேண்டும்.

இணையத்தில் புகார்ப் படிவம் இருந்தது. ‘உங்கள் புகார் எதைப் பற்றியது: சுகாதாரம், பாதுகாப்பு, ஊழியர் நடத்தை, மற்றவை.’ மற்றவையைத் தொட்டேன். ‘ஒரு சொல்லில் விளக்கவும்’ என்றது. ‘சலிப்பு’ என்று எழுதினேன்.

பத்து நாள் கழித்துப் பதில் வந்தது. நான் சலிப்படைய நேர்ந்ததற்கு மிகவும் வருந்துவதாகவும், என் கருத்து அவர்களுக்குப் பொக்கிஷம் என்றும், பேசுவதற்கு யாராவது வேண்டுமென்றால் இந்த எண்ணைக் கூப்பிடலாம் என்றும் எழுதியிருந்தார்கள். கூப்பிட்டேன். அது மனநல உதவி எண். எடுத்த பெண் தங்கமானவள். “எப்போதிலிருந்து இப்படி உணர்கிறீர்கள்?” என்று கேட்டாள். “செம்மண்ணைத் தவிர வேறு எதுவும் கிடைக்காமல் போனதிலிருந்து” என்றேன். அவள் அதைக் குறித்துக்கொள்ளும் ஓசை கேட்டது.

ஊரில், எம்.கே.பி. நகரில் இருக்கும் எங்கள் அத்தையின் வீட்டுக்கான ஒரு சான்றிதழுக்காக அரசாங்க ஆபீஸுக்கு அலைந்திருக்கிறேன். அங்கே ஜன்னலுக்கு அந்தப் பக்கமிருந்து திட்டுவார்கள், வேலை நடக்காது. இங்கே வருந்துவார்கள், வேலை நடக்காது. திட்டு வாங்கினால் திருப்பித் திட்டலாம். வருந்துகிறவனை என்ன செய்வது?

மறுபடி எழுதினேன், மறுபடி வருந்தினார்கள். கடைசியில் என் தொல்லை தாங்காமல், சோதனை முயற்சியாக ஒரே ஒரு வார இறுதிக்கு ஒரே ஒரு வெளிப் பீப்பாயை அனுமதித்தார்கள். சரக்கை நானே பரிந்துரைக்கலாம்.

லிண்டா என்னைக் கூப்பிட்டு விரல் விட்டு எண்ணிச் சொன்னாள்.

“கேட்டுக்கோ கண்ணு. வெள்ளிக்கிழமை தெறக்கிறேன். ஞாயித்துக்கிழமை கடை மூடுறதுக்குள்ள பீப்பா காலியாவணும். ஆச்சுன்னா நாலாவது பம்பு உன்னுது. மாசா மாசம் ஒரு புது சரக்கு, கம்பெனிகிட்ட நான் பேசிக்கிறேன். ஆவலைன்னா அங்க ஸ்ட்ராபெரி சைடர்னு அந்த இனிப்புத் தண்ணி வந்து குந்திக்கும். அப்பால இந்தக் கடைல நீ சரக்கப் பத்தி வாயே தொறக்கக் கூடாது.”

“வாயே தொறக்கக் கூடாதுன்னா?”

“குடிக்க மட்டும் தொறக்கலாம்.”

“அவன் செத்துருவான்” என்றார் கென்.

“இன்னொண்ணு. நீயே உக்காந்து மொத்தத்தையும் உறிஞ்சிடலாம்னு கனா காணாத. கடசி பைண்ட்ட வேற யாராச்சும் குடிக்கணும்.”

கென் சொன்னது விளையாட்டில்லை. இந்த ஊரில் எனக்கு வீடு உண்டு, வேலை உண்டு, வரி கட்டுகிறேன். ஆனால் என்னை ஒரு ஆளாக நாலு பேருக்குத் தெரியும் என்றால் அது இந்த வாயால்தான். பப்பில் நுழைந்ததும், “வந்துட்டான்யா” என்று ஒரு முனகல் எழும். அதைக் கேட்கத்தான் மழையில் நடந்து போகிறேன். அந்த வாயைத்தான், அரை லிட்டருக்குச் சற்று மேல் பிடிக்கும் பைண்ட் கிளாஸில் எழுபது சொச்சம் கொள்ளும் ஒரு பீப்பாய் மேல் பந்தயம் கட்டினேன்.

5

நான் தேர்ந்தெடுத்தது மலைப்பக்கத்துச் சின்னக் கிராமம் ஒன்றில் காய்ச்சுகிற ஏல். விவரத்தில் ‘கொத்தமல்லி விதை, கடல் உப்பு’ என்று போட்டிருந்தது. வேறு எதையும் நான் படிக்கவில்லை. ரசமே பீப்பாயில் வருகிறது என்று தீர்மானித்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை மாலை லிண்டா பிளாஸ்டிக் கப்பை எடுத்தாள். முதல் பைண்ட் எனக்கு. எல்லோரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். குடித்தேன்.

ரசம்தான். நேற்று வைத்த ரசம்.

உள்ளே போக மாட்டேன் என்று தொண்டையில் நின்று அடம்பிடித்தது. ஆனாலும் பந்தயம் இருக்கிறதே. கண்ணை மூடித் தலையை ஆட்டி, “அட்றா சக்கை” என்றேன். அப்போது எனக்குள் ஒரு துரோகம் நடந்தது. இத்தனை வருடம் திட்டித் தீர்த்த செம்மண், வாழ்க்கையில் முதல் தடவையாக நாக்கில் ஏக்கமாக எழுந்தது.

லிண்டா ஆளாளுக்கு ஒரு வாய் சும்மா ஊற்றிக் கொடுத்தாள். ருசி பார்ப்பதற்குக் காசு வாங்குவதில்லை. எல்லோரும் குடித்தார்கள், யோசித்தார்கள், “இன்ட்ரஸ்டிங்” என்றார்கள், செம்மண் வாங்கிக்கொண்டு போனார்கள். இந்த ஊரில் ‘இன்ட்ரஸ்டிங்’ என்பது சபையில் சொல்லக்கூடிய கெட்ட வார்த்தை.

“பாதி கிளாஸ் வாங்கிப் பாருங்களேன்” என்று கெஞ்சினேன். கென் நிமிர்ந்து உட்கார்ந்தார். “பாதியா? ஆம்பள பாதி கிளாஸ் வாங்கினு போய் எங்கடா உக்காருவான்? வண்டி ஓட்றவனும் சீக்காளியும்தான் பாதி வாங்குவான்.” அதுதான் சிக்கல். முழு பைண்ட் வாங்க பயம், பாதி வாங்க வெட்கம். பீப்பாய் நிலவறையில் அப்படியே கிடந்தது.

வீட்டுக்கு வந்து மோகனை வீடியோவில் கூப்பிட்டேன். அவன் காசிமேட்டில், விடிகிற இருட்டில் படகில் ஐஸ் ஏற்றிக்கொண்டிருந்தான்.

“இன்னா மாமு, மூஞ்சி காஞ்ச வாள மீனு மாதிரி கீது?”

சொன்னேன்.

“பீப்பாய காலி பண்ண ஆளு இல்லியா? அடப்பாவி! நம்ம ஏரியாவுல ஒரு பீப்பாய எறக்கி வை. சரக்கு காலியாவறதுக்கு மின்ன பீப்பாயே காணாம பூடும்.”

“விளையாடாத மச்சான். வாயை மூடச் சொல்லிடுவாங்க.”

“அய்ய, அப்டின்னா அந்த ஊர்க்காரங்க வேணும்னே குடிக்காம கீறாங்க மாமு.”

சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ சிரித்தார்கள். என் மகன் ஆதி. பல்கலைக்கழகத்திலிருந்து அழுக்குத் துணி மூட்டையோடு வந்திருந்தான்.

ஆதியைப் பற்றிச் சொல்ல வேண்டும். தமிழ் புரியும், பதில் ஆங்கிலத்தில் வரும். அவனுக்குத் தெரிந்த கொஞ்சநஞ்சத் தமிழும் நான் மோகனிடம் பேசும்போது இந்தச் சுவர் வழியாகப் போனது. ஜெயந்தி திருச்சிக்காரி, கேட்டால் காதைப் பொத்திக்கொள்வாள். சின்ன வயதில் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் சேர்த்தாள். முதல் நாள் ஆசிரியை, “நலமா?” என்று கேட்க, “ஷோக்கா கீறேன் மிஸ்” என்றிருக்கிறான். அதற்குப் பிறகு அவன் வெட்கப்பட்டுத் தமிழையே விட்டுவிட்டான். இப்போது இருபது வயது. அவன் அறையில் கேன் திறக்கும் ஓசை எனக்குக் கேட்கும். மாம்பழ வாசனை அடிக்கும் ஏதோ ஒன்று. காலிக் கேன்களைப் பக்கத்து வீட்டுக் குப்பைத் தொட்டியில் போடுகிறான். எனக்கு எப்படித் தெரியும் என்றால், நானும் அங்கேதான் போடுகிறேன். இருவரும் ஒன்றும் கேட்டுக்கொள்வதில்லை.

6

சனிக்கிழமை மத்தியானம் வரை நானும் லிண்டாவும் மட்டும்தான் ரசத்தை முழு கிளாஸாகக் குடித்திருந்தோம். லிண்டாவுடையது அனுதாபம்.

முன்பின் தெரியாத ஒருத்தர் வந்தார். லாரி டிரைவர் மாதிரி இருந்தார். நாலாவது பம்பையே பார்த்தார். ஆசையும் இருக்கிறது, பயமும் இருக்கிறது. கூண்டுக்கு முன்னால் நின்று பாக்கெட்டைத் தடவிக்கொண்டிருந்த எத்தனையோ பேரிடம் பார்த்த அதே முகம். என் வாய் என்னைக் கேட்காமல் திறந்துகொண்டது.

“கட்டிங்?”

“என்னது?”

சொல்லிவிட்டேன், இனிப் பின்வாங்க முடியாது. விளக்கினேன். ஒரு பைண்ட், இரண்டு காலி கிளாஸ், காசு ஆளுக்குப் பாதி. “நீங்க பாதி கிளாஸ் வாங்கலை. நாம ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு முழுசு வாங்குறோம். ஒருத்தர் ஊத்தணும், மத்தவர் எடுக்கணும். பேரு கேட்கக் கூடாது.”

அவர் யோசித்தார். “பேரு கேக்கக் கூடாதா?”

“கூடவே கூடாது.”

“அப்ப ஓகே” என்றார். வீட்டில் என்ன பிரச்சினையோ.

நான் ஊற்றினேன், வெளிச்சத்தில் தூக்கி அளவு பார்த்தேன், மேசையில் வைத்தேன். அவர் இரண்டு கிளாஸையும் வைரம் பார்ப்பதுபோல் குனிந்து பார்த்து ஒன்றை எடுத்தார். குடித்தார். முகம் சுளித்தது. ஆனால் பாதிதானே! முடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு ஒரு தலையசைப்போடு போய்விட்டார். சுங்கச்சாவடியில்கூட இவ்வளவு சுத்தமாக நடந்ததில்லை.

கென் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். “ஊத்தறவன் எடுக்கக் கூடாதா?”

“கூடாது.”

“அப்ப ஊத்தறவன் கம்மியா ஊத்த முடியாது.”

“முடியாது.”

“சட்டம்னா இதான்டா சட்டம்!” ஸ்டூலிலிருந்து இறங்கினார். என்னை மூலையில் உட்காரவைத்த அந்த நாளுக்குப் பிறகு அவர் இறங்கி நான் பார்த்தது அப்போதுதான். மூக்கில் வளையம் போட்ட ஒரு இளைஞனிடம் போய், இத்தனை வருடம் பயன்படுத்தாத ஒரு மரியாதையோடு, “கட்டிங்?” என்றார்.

அன்று சாயங்காலம் அந்தப் பப்பில் என்ன நடந்தது என்று ஊரிலிருந்தவர்கள் பார்த்திருக்க வேண்டும். வெள்ளைக்காரர்கள் ஜன்னல் ஓரமாய் கிளாஸைத் தூக்கி அளவு பார்க்கிறார்கள். “இது கொஞ்சம் தூக்கலா கீது” என்று சண்டை. “நீதான எட்த்த!” என்று பதில். பெயர் கேட்கக் கூடாது என்ற விதியை மட்டும் ஒருத்தரும் மதிக்கவில்லை. பாதி கிளாஸுக்குள் பேரன் பேத்தி கதை வரை போய்விட்டார்கள். யாருக்கும் ரசம் பிடிக்கவில்லை. ஆனால் கட்டிங் பிடித்துவிட்டது. செம்மண்ணிலும் போடலாமா என்று ஒருத்தர் கேட்டார். “கூடாது, இந்தப் பம்புக்கு மட்டும்தான்” என்று அடித்துச் சொன்னேன்.

7

ஞாயிற்றுக்கிழமை. பேய் மழை. கடை மூட அரை மணி நேரம் இருக்கும்போது லிண்டா நிலவறைக்குப் போய்ப் பீப்பாயைச் சாய்த்து வைத்துவிட்டு மேலே வந்தாள். கைப்பிடியை இழுத்தாள். ஒரு பைண்ட் வந்தது, லேசாகக் கலங்கல். மறுபடி இழுத்தாள். கைப்பிடி இருமியது. வெறும் காற்று.

“இதான் கடசி” என்று அந்தப் பைண்டைக் கவுன்டரில் வைத்தாள். “யாருக்கு?”

சுற்றிப் பார்த்தேன். மழைக்குப் பயந்து பாதிப் பேர் வரவே இல்லை; வந்தவர்களும் போய்விட்டார்கள். கென் வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தார். உலுக்கினேன். “வவுறு ஃபுல்லுப்பா” என்று கண்ணைத் திறக்காமலேயே சொன்னார். நானே எடுத்துக் குடித்துவிடலாமா என்று பார்த்தேன். லிண்டா அந்தப் பார்வையைப் பார்த்துவிட்டாள்.

“உன் கையி அதும்மேல படக் கூடாது. படணும்னா இன்னொரு கையும் கூட படணும். நேத்து நீ சொன்ன சட்டம்தானே?”

எழுபது சொச்சம் பைண்டைத் தாண்டி வந்து, கலங்கிய ஒரு கிளாஸில் என் வாய் மூடப்போகிறது. கழிவறைக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு, ஸ்ட்ராபெரி சைடருக்கு மனதைத் தயார் செய்தபடி வெளியே வந்தேன்.

கவுன்டருக்கு முன்னால் ஒரு முதுகு. மழைக்கோட்டின் தொப்பியைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டு, தண்ணீர் சொட்டச் சொட்ட, நாலாவது பம்பைப் பார்த்துக்கொண்டு நின்றது. புது ஆள். கடவுளாகப் பார்த்து அனுப்பிய ஆள். பாய்ந்து போய்த் தோளைத் தட்டினேன்.

“கட்டிங்?”

முதுகு திரும்பியது. ஆதி.

அவன் கையில் என் குடை. ஜெயந்தி என்னை அழைத்துவர அனுப்பியிருக்கிறாள். அவன் என்னைப் பார்த்தான், பைண்டைப் பார்த்தான், லிண்டாவைப் பார்த்தான். நான் பேச நினைத்தேன், வாய் திறக்கவில்லை. மூன்று நாளாக எந்த வாய்க்காகப் பாடுபட்டேனோ அந்த வாய்.

“இது யாரு கண்ணு?” என்றாள் லிண்டா.

தெரியாத ஆள் என்று சொல்லிவிடலாமா என்று ஒரு நொடி தோன்றியது. எங்கள் குடும்ப வழக்கம் அதுதான்.

“என் மகன்” என்றேன்.

ஆதி குடையைக் கவுன்டரில் சாத்தினான். தொப்பியைத் தள்ளினான். “ம்... போடு” என்றான்.

தமிழில் சொன்னான். யார் சொல்லிக்கொடுத்தது என்று எனக்குத் தெரியவில்லை. நைனாவின் கதையை மோகனிடம் நான் எத்தனை முறை போனில் சொல்லிப் புலம்பியிருக்கிறேன் என்பது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது.

லிண்டா இரண்டு காலி கிளாஸை வைத்தாள். நான் ஊற்றினேன். அளவு பார்க்கத் தூக்கவில்லை. நான் ஊற்றினால் அவன்தான் எடுக்க வேண்டும். அவனும் கையை நீட்டினான். அதற்குள் என் கை ஒன்றை எடுத்து அவன் கையில் திணித்துவிட்டது.

அவன் ஒரு வாய் குடித்தான். கண் சுருங்கியது. “இன்ட்ரஸ்டிங்” என்றான். மீதியையும் குடித்து முடித்தான். நானும் முடித்தேன். லிண்டா கடை மூடும் மணியை அடித்தாள். கென் திடுக்கிட்டு விழித்து, “ஜெயிச்சிட்டானா? அய்யய்யோ!” என்றார். நாலாவது பம்ப் என்னுடையது. மாதா மாதம் ஒரு புது ஏல். சாகும்வரை பேசலாம்.

ஆதி இரண்டு காலி கிளாஸையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, உள்ளே நுரை விட்டுப்போன கோட்டைப் பார்த்தான். என்னுடைய கிளாஸில் கோடு இரண்டு விரற்கடை மேலே இருந்தது.

“டாட்” என்றான். “எனுக்கு கம்மியா கீது.”

நான் சுவரைப் பார்த்தேன்.

“கீறது அவ்ளோதான் நைனா” என்றேன்.